ஜானகி அம்மாள்: கரும்போடு முடிந்துவிடாத கதை



போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டிருந்தார். இந்தியக் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்ததே இவர்தான், இவர் இல்லாவிட்டால் நம் காப்பியில் சர்க்கரையே இல்லை என்று கீழே எழுதியிருந்தது. நானும் பெருமையோடு நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன்.

விடுதியில் என் அறைத்தோழி தாவரவியல் படிக்கிறாள். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கோயம்புத்தூரின் முதல் பெரிய கரும்பு ரகம் 1918-லேயே வந்துவிட்டது. இந்த அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1934. அப்புறம் எப்படிடி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பி.காம். படிக்கிற நான், தேதியைக்கூடச் சரிபார்க்காமல் ஒரு பதிவை ஏற்றுக்கொண்டுவிட்டேன்! பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'பிழைத் திருத்தம்' பாடம் நினைவிருக்கும். ஒருவர் கணக்கில் எழுத வேண்டிய வரவை இன்னொருவர் கணக்கில் எழுதினால் அது செய்பிழை. எழுதவே மறந்துவிட்டால் அது விடுபிழை. ஜானகி அம்மாள் விஷயத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. அவர் செய்யாத ஒன்றுக்காக அவரைப் புகழ்கிறோம். செய்த பெரிய வேலைகளை மறந்துவிட்டோம்.

அந்தக் கணக்கைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை. நான் அறிவியல் மாணவி இல்லை. எனக்குப் புரிந்த அளவில் எளிமையாகச் சொல்கிறேன்.

தலச்சேரியில் ஒரு பெரிய குடும்பம்

எடவலத் கக்கட் ஜானகி 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளாவில் இருக்கிறது. அன்று மலபார் மாவட்டம், அதாவது சென்னை மாகாணம். அப்பா ஈ.கே. கிருஷ்ணன் நீதித்துறையில் சப் ஜட்ஜ். இயற்கையில் ஆர்வம் உள்ளவர், வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர். இரண்டு மனைவிகள் மூலம் மொத்தம் 19 பிள்ளைகள். அம்மா தேவியின் தந்தை ஓர் ஆங்கிலேய அதிகாரி. குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. சாதி அடுக்கில் அன்று கீழே வைக்கப்பட்டிருந்த சமூகம் அது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட நாட்டில் இந்தப் பெண் தலச்சேரியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். மெரினாவுக்கு எதிரே இருக்கும் ராணி மேரி கல்லூரியில் பட்டப்படிப்பு. அது 1914-ல்தான் தொடங்கப்பட்டிருந்தது. பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஹானர்ஸ் படித்து 1921-ல் முடித்தார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

அக்காமார்களுக்கு வரிசையாகக் கல்யாணம் நடந்தது. இவருக்கும் உறவுமுறைப் பையன் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே தரப்பட்ட பார்பர் உதவித்தொகை கிடைத்தது. கல்யாணமா, கப்பலா? ஜானகி கப்பலைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

மிச்சிகனில் கத்தரிக்காய்

1924-ல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரைக் குடியேற்ற அதிகாரிகள் எல்லிஸ் தீவில் நிறுத்தி வைத்தார்கள். பட்டுப் புடவையும் நீண்ட கூந்தலும் பார்த்துவிட்டு, இவர் இந்திய இளவரசியோ என்று அவர்களுக்குச் சந்தேகம். கேட்டபோது, தான் மறுக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னாராம்! எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் இது.

மிச்சிகனில் முதுகலை முடித்தார். ஊர் திரும்பிக் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். மறுபடியும் அங்கே போய் 1931-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். தாவரவியலில் அப்படியொரு உயர் பட்டத்தை அமெரிக்காவில் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே அவர் உருவாக்கிய ஒரு கத்தரிக் கலப்பினத்துக்கு அவர் பெயரே வழங்கியது.

அவருடைய துறையின் பெயர் செல் மரபியல். எந்த உயிரின் செல்லை எடுத்தாலும் அதன் உட்கருவுக்குள் நூல் துண்டுகள் போல குரோமோசோம்கள் இருக்கும். மனிதனுக்கு 46. பெருங்கரும்புக்கு 80. ஒரு தாவரத்தின் வேர்நுனியையோ மொட்டையோ எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். 'எண்ணுவது பெரிய வேலையா?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தச் செடி எந்தச் செடிக்குச் சொந்தம், எதை எதோடு சேர்க்கலாம், ஒரு செடி எங்கிருந்து எங்கே பரவியது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கம்பெனியின் பேரேட்டைப் புரட்டினால் அதன் வரலாறு தெரிவது மாதிரி!

சரி, கரும்பு விஷயத்துக்கு வருவோம்

இந்தியா திரும்பியதும் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு பேராசிரியர் பணி. அடுத்து 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். வாட்ஸ்அப் படம் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விவசாயி கரும்பைக் கரணை வைத்துத்தான் நடுவார். விதை போடுவதில்லை. ஆனால் புது ரகம் வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். இந்தியாவின் பல இடங்களில் அது சரியாக நடக்காது. கோயம்புத்தூர் தட்பவெப்பத்தில் நடக்கும். 1912-ல் நிலையத்தை அங்கே அமைத்ததற்கு அதுதான் காரணம்.

தடித்த, சாறு நிறைந்த கரும்பு வடஇந்தியக் குளிரைத் தாங்காது. அங்கே விளைந்ததெல்லாம் மெல்லிய, விளைச்சல் குறைந்த கரும்புதான். ஆற்றங்கரைகளில் நாணல் போல வளரும் காட்டுக்கரும்போ எதையும் தாங்கும். ஆனால் அதில் சாறும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன? பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அதைத்தான் செய்தார்கள். அப்படிப் பிறந்தது 1918-ல் வெளியான கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர்தான்! அதன்பின் வந்த கோ ரகங்கள் வடஇந்திய வயல்களையே மாற்றின. 1932-ல் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு கிடைத்தது. முப்பது சொச்சம் இருந்த ஆலைகள் ஓரிரு ஆண்டுகளில் நூறைத் தாண்டின. ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு நகர்ந்தது.

ஆக, கரும்புக்கு 'இனிப்பூட்டிய' வரவு பலருக்குச் சேர வேண்டியது. ஜானகி அம்மாள் அந்த வரிசையில் நடுவில் வந்து சேர்ந்தவர்.

அப்படியானால் அவர் அங்கே என்னதான் செய்தார்? இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த காட்டுக்கரும்புகளின் குரோமோசோம்களை எண்ணினார். பார்ப்பதற்கு ஒன்றாக இருக்கும் இந்தப் புல்லுக்குள் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டினார். அதன் பரவலை ஆராய்ந்து, காட்டுக்கரும்பின் பிறப்பிடம் இந்தியாதான் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தார். கரும்பைத் தூரத்து உறவான புற்களோடு சேர்த்துக் கலப்பினங்களை உருவாக்கினார். அவற்றில் ஒன்று கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்தது. அதைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938-ல் உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் வந்தது. சர்க்கரை ஆலைக்கு நேராக அனுப்புகிற வேலை இல்லை இது. இனப்பெருக்கம் செய்கிறவர்கள் அதுவரை அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பிச் செய்ததற்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை. படத்தில் போட்டுப் பகிர இது அவ்வளவு வசதியாக இருக்காதுதான்!

அந்த ஆண்டுகளில்தான் சர் சி.வி. ராமன் இந்திய அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். 1935-ல் ஜானகி அம்மாள் அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே மதிப்பு இருந்தது. ஆனால் வேலை செய்த இடத்தில்? தனியாக வாழும் பெண், அதிலும் பின்தங்கியதாகக் கருதப்பட்ட சமூகம், சுற்றிலும் ஆண் சகாக்கள். அங்கே அவருக்கு நிம்மதி இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள்.

குண்டு மழையில் ஒரு நுண்ணோக்கி

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் அதற்குப் போனார். மாநாடு முடிவதற்குள் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்தது, சில நாளில் இரண்டாம் உலகப் போரே தொடங்கிவிட்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனை ஒட்டிய மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உதவி செல்லியலாளர் வேலை.

இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். காலையில் ஆய்வகத்துக்குப் போய், உடைந்து கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். இந்தியாவிலிருந்து ரகசியமாகக் கொண்டுபோன ஓர் அணில்கூட அவரோடு இருந்ததாக உறவினர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். முதுகில் மூன்று கோடு போட்ட நம்ம ஊர் அணில்தான். அதன் பெயர் கபோக்.

போர் முடிந்த 1945-ல், சி.டி. டார்லிங்டன் என்ற புகழ்பெற்ற மரபியலாளரோடு சேர்ந்து அவர் எழுதிய 'பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ்' வெளியானது. உலகில் மனிதன் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த நூல். அந்தந்தத் தாவரம் எங்கே பிறந்து எப்படிப் பரவியது என்று தேடுகிறவர்களுக்கெல்லாம் அது கைநூல் ஆனது. அட்டையில் இரண்டு பெயர்கள். ஒன்று தலச்சேரிப் பெண்ணுடையது.

அதே ஆண்டு விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகம் அவரைச் செல்லியலாளராக வேலைக்கு எடுத்தது. அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்த முதல் பெண் அறிவியலாளர் அவர் என்கிறார்கள். அங்கே அவர் பயன்படுத்திய மருந்து கோல்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற அதே நச்சுப்பொருள்! முளைக்கும் செடியில் அதைச் சரியான அளவில் தடவினால், செல் பிரியாமல் குரோமோசோம்கள் மட்டும் இரட்டிப்பாகும். இலை தடிக்கும், பூ கனமாகும். மக்னோலியா நாற்றுகளில் அவர் அதைச் செய்தார் (நம் செண்பகமும் மக்னோலியா குடும்பம்தான்). விஸ்லியில் பாட்டில்ஸ்டன் குன்றில் அவர் நட்ட மக்னோலியாக்கள் அவர் போன பிறகும் வசந்தம் தோறும் பூத்தன. அவற்றில் ஒரு வெள்ளைப் பூ வகைக்கு 'ஜானகி அம்மாள்' என்றே பெயர்.

அங்கேயே இருந்திருந்தால் வசதியாகவே காலம் ஓடியிருக்கும். ஆனால் அழைப்பு வந்தது.

நாடு கூப்பிட்டது. பிறகு?

1951-ல் பிரதமர் நேரு அவரை இந்தியாவுக்குத் திரும்பி வரச் சொன்னார். 1890-ல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் நலிந்து கிடந்தது. அதைச் சீரமைக்க வேண்டும். 1952 அக்டோபரில் அவர் தனி அலுவலராக நியமிக்கப்பட்டார்.

அவருக்கு இருந்த முக்கியமான கவலை நியாயமானது. இந்தியத் தாவரங்களைச் சேகரித்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். முக்கியமான மாதிரிகள் லண்டன் கியூ தோட்டம் போன்ற இடங்களில் இருந்தன. நம் காட்டுச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் கப்பல் ஏற வேண்டுமா? இந்தியத் தாவரங்களை இந்தியர்களே தேடி, இந்தியாவிலேயே வைத்து ஆராய வேண்டும் என்று அவர் நினைத்தார்.

சீரமைப்புத் திட்டம் ஏற்கப்பட்டது. ஆனால் தலைமைத் தாவரவியலாளர் பதவி அவருக்கு வரவில்லை. ஸ்பெயினில் பிறந்த இயேசு சபைத் துறவி சாண்டாபாவுக்குப் போனது. சாண்டாபாவும் பெரிய அறிஞர்தான், இந்தியாவையே தன் நாடாக்கிக் கொண்டவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய ஐரோப்பிய வழியிலிருந்து விலக வேண்டும் என்று திட்டம் போட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர் மனம் உடைந்து டார்லிங்டனுக்கு எழுதிய கடிதங்களை ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதன்பின் அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பு, காஷ்மீர் பக்கம் ஜம்முவில் பணி, பம்பாய் டிராம்பேயில் அணுசக்தி ஆய்வு மையத்தில் கொஞ்ச காலம் என்று நகர்ந்துகொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். வடகிழக்கே ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அந்தப் பகுதியில் அந்த வகையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு மரம்தான். போய்ப் பார்த்தால் அது எரிக்கப்பட்டிருந்தது.

அதை ஒரு தனி மரத்தின் கதையாக மட்டும் பார்க்க முடியாது. 1943 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகு, 'அதிக உணவு பயிரிடு' என்பது நாட்டின் முழக்கம். காடுகள் வயல்களாகிக்கொண்டிருந்தன. பசித்தவனிடம் போய்க் காட்டைப் பற்றிப் பேச முடியுமா? கஷ்டமான கேள்விதான். பயிர் விளைச்சலைப் பெருக்குகிற துறையிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர் ஜானகி அம்மாள். விளைச்சல் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. காட்டுக்கரும்பு இல்லாவிட்டால் கோ 205 ஏது? நாளைக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் இன்று காட்டில் யாரும் கவனிக்காத புல்லில் இருக்கின்றன. காட்டை அழித்தால், நாம் இன்னும் திறந்தே பார்க்காத பெட்டகத்தைத் தீ வைத்துக் கொளுத்துகிறோம். மூலதனத்தை எடுத்து வருமானம் என்று காட்டுகிற கணக்கு இது. எந்தத் தணிக்கையாளரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஒரு பெரிய கருத்தரங்கு. பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றினான் என்பது பொருள். சுற்றுச்சூழல் வரலாறு என்ற துறைக்கே அடிக்கல் என்று அதைச் சொல்வார்கள். அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரம் பற்றி அங்கே பேசினார். பழங்குடிகள் காட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அவர்களுடைய தாவர அறிவு எவ்வளவு பெரியது, தாய்வழிச் சமூகங்களில் குடும்ப நிலத்தைப் பெண்கள் எப்படிக் காக்கிறார்கள் என்றெல்லாம். அடுத்த ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

மதுரவாயல் வீடும் அமைதிப் பள்ளத்தாக்கும்

1970-ல் அவர் சென்னைக்கே திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலாளர். மதுரவாயலில் இருந்த அதன் கள ஆய்வகம்தான் வேலையிடமும் வீடும். மூலிகைகள் வளர்த்தார், பூனைகள் வளர்த்தார். கடைசி ஆண்டுகளில் மஞ்சள் நிறப் புடவையும் அதே நிறத்தில் தொளதொள மேல்சட்டையும்தான் உடை. பார்க்கப் புத்த பிக்குணி போல இருப்பார் என்று நினைவுகூர்கிறார்கள்.

தினமும் அந்த மதுரவாயல் வழியாகத்தான் என் பேருந்து போகிறது. மேம்பாலம், கண்டெய்னர் லாரிகள், ஹாரன் சத்தம். உலகமே மதித்த ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்று இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

இந்த மதுரவாயல் வீட்டிலிருந்துதான் அவர் தன் வாழ்வின் கடைசிப் போராட்டத்துக்குக் கிளம்பினார். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியை ஒட்டி, அமைதிப் பள்ளத்தாக்கு என்ற மழைக்காடு இருக்கிறது. சிங்கவால் குரங்குகளின் வீடு. அதன் நடுவே ஓடும் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-ல் ஒப்புதல் கிடைத்தது. அணை வந்தால் சுமார் 8 சதுர கிலோமீட்டர் காடு நீரில் மூழ்கும். மின்சாரம் இல்லாத மலபார் கிராமங்களுக்கு அணை வளர்ச்சி. இன்னொரு பக்கம், மூழ்கினால் திரும்ப வராத காடு. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி என்று பலரும் காட்டின் பக்கம் நின்றார்கள்.

ஜானகி அம்மாளுக்கு அப்போது எண்பது வயது. 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்திருந்தது. பெயர் போட்டு அறிக்கை விட்டாலே போதும். ஆனால் அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யப் புறப்பட்டார். காடு மூழ்குவதற்கு முன், அதன் மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும்! இருபதுகளில் மிச்சிகனில் கற்ற அதே வேலை. காப்பாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், இங்கே என்னென்ன இருந்தது என்ற கணக்காவது மிஞ்சட்டும். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

காடு பிழைத்தது. 1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 7 அன்றே, 86 வயதில், மதுரவாயல் ஆய்வகத்தில் அவர் காலமாகியிருந்தார். ஒன்பது மாத இடைவெளி. ஆனால் அணை வராது என்ற செய்தி வந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதில் ஓர் ஆறுதல்.

வரவு யார் கணக்கில்?

அவர் பெயர் அடியோடு அழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வகைப்பாட்டியலுக்கான தேசிய விருது அவர் பெயரில் இருக்கிறது. ஜம்முவில் ஒரு தாவர மாதிரிக் காப்பகத்துக்கு அவர் பெயர். கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதி தாங்கள் உருவாக்கிய ஒரு புது ரோஜாவுக்கு 2018-ல் அவர் பெயரை வைத்தார்கள். அவர் புடவையைப் போலவே மஞ்சள் சாயல் கொண்ட ரோஜா. 2022-ல் சாவித்ரி பிரீதா நாயர் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

ஆனாலும் நம்மிடம் வந்து சேர்ந்தது அந்தச் சர்க்கரைப் படம் மட்டும்தான். ஏன்? யோசித்துப் பார்த்தேன். ஒரு பெண் அறிவியலாளரைப் பாராட்ட வேண்டுமென்றால் நமக்கு உடனே அடுப்படிப் பொருள் ஒன்று தேவைப்படுகிறது. சர்க்கரை, காப்பி, இனிப்பு. குரோமோசோம் அட்லஸ் என்றால் யார் பகிர்வார்கள்? ஒரு தவறான புகழைச் சூட்டினால் பாராட்டியதாகத் தோன்றும். ஆனால் அவருடைய உண்மையான வேலையை அது மறைத்துவிடுகிறது. கூடவே, வெங்கட்ராமன் போன்றவர்களுக்கு உரியதையும் பறித்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

தன்னைப் பற்றிப் பேசுவதையே அவர் விரும்பியதில்லை, தன் வேலை மட்டும் மிஞ்சினால் போதும் என்று நினைத்தவர் என்கிறார்கள். அவர் வேலை மிஞ்சியிருக்கிறது. அதைச் சரியான பெயரில் எழுதி வைப்பது நம் வேலை.

விடுபிழைக்கு ஒரு குணம் உண்டு நண்பர்களே. அது இருப்பாய்வில் தெரியாது. இரண்டு பக்கமும் எழுதாமல் விட்டதால் கூட்டுத்தொகை அழகாகச் சமமாகவே இருக்கும். யாராவது பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது எங்கே?' என்று கேட்டால்தான் வெளியே வரும். என் அறைத்தோழி கேட்ட மாதிரி.

நான் பகிர்ந்த அந்த நாலு பேருக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன். "கரும்புக்கு இனிப்பூட்டியவர் இல்லை. காட்டுக்கரும்பை எண்ணியவர், அட்லஸ் எழுதியவர், எண்பது வயதில் ஒரு காட்டுக்காகக் கிளம்பியவர்" என்று. மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருத்தி மட்டும், "மதுரவாயலா? நம்ம மதுரவாயலா?" என்று கேட்டாள்.

ஆமாம். நம்ம மதுரவாயல்தான்.